தைராய்டால் காய்ச்சல் வருமா? 26 நாளாக இறங்கவில்லை

கேள்வி, ஜூன் 9, மாலை 7.20

என் அக்காவுக்கு வயது 38. இன்றோடு 26 நாளாகக் காய்ச்சல். காலையில் தணிந்திருக்கும், சாயங்காலம் 101, 102 என்று ஏறிவிடும். டைஃபாய்டு, மலேரியா, டெங்கு, சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, எக்கோ எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் ஒன்றும் இல்லை. உடம்பில் அழற்சி இருந்தால் ஏறுகிற இ.எஸ்.ஆர். என்ற ரத்த அளவு மட்டும் 94, ரொம்ப அதிகமாம். தெரிந்தவர் ஒருவர் தைராய்டைப் பாருங்கள் என்கிறார். தைராய்டு என்றால் உடம்பு போடும், முடி கொட்டும், அவ்வளவுதானே? அதற்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்? சும்மா அடித்துவிடுகிறாரா?

ஜூன் 9, இரவு 10.50

அடித்துவிடவில்லை தம்பி. எனக்கே வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், 47 வயதில், மொத்தம் 37 நாள். கடைசியில் தைராய்டு சுரப்பியில் அழற்சி என்றார்கள். சப்அக்யூட் தைராய்டிடிஸ் என்று பெயர்.

அக்காவிடம் இப்போதே கேளுங்கள்: கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கிறதா, விழுங்கினால் வலிக்கிறதா, காதுக்கோ தாடைக்கோ வலி ஏறுகிறதா என்று. நாளைக் காலையில் காய்ச்சல் இல்லாத நேரமாகப் பார்த்து நாடியை எண்ணுங்கள். தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது, மற்றது விடிந்ததும்.

ஜூன் 10, காலை 6.15

முதலில் அந்த "என்ன சம்பந்தம்".

உடம்பு போடுவதும் முடி கொட்டுவதும் பெரும்பாலும் ஹார்மோன் குறைந்தால் வருவது. இது வேறு கதை. தைராய்டு ஒரு கிடங்கு மாதிரி. இரண்டு மூன்று மாதத்துக்குத் தேவையான ஹார்மோனைக் குட்டிக் குட்டி உருண்டை அறைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடும். சளி, தொண்டைவலி என்று ஏதோ ஒரு வைரஸ் வந்து போய், இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள் சிலருக்கு அந்தச் சுரப்பி வீங்கிப் புண்ணாகிறது. அறைச் சுவர் உடைந்து சரக்கு ரத்தத்தில் கொட்டுகிறது. அழற்சி ஒரு பக்கம் காய்ச்சலையும் உடம்பு வலியையும் தருகிறது, இ.எஸ்.ஆரை எகிற வைக்கிறது. கொட்டின ஹார்மோன் இன்னொரு பக்கம் படபடப்பு, கை நடுக்கம், வேர்வை, எடை இறக்கம் என்று ஆட்டிவைக்கிறது.

எனக்கு ஜலதோஷம் வந்து போய் மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் தொடங்கியது. முதல் வாரம் வைரஸ் என்றார்கள், ஆன்டிபயாடிக் ஐந்து நாள். இரண்டாவது வாரம் வேறு ஆன்டிபயாடிக் ஏழு நாள். இதற்கு நடுவில் காது வலித்தது. காது மருத்துவர் விளக்கை வைத்துப் பார்த்து, காது சுத்தமாக இருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்தார். தாடை வலித்தது. பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, கடைவாய்ப் பல் ஒன்றைத் தட்டிப் பார்த்து, பல்லில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். வேர்வையும் படபடப்பும் சொன்னபோது இன்னொருவர், மாதவிடாய் நிற்கிற வயசு அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்றார். அவரவர் பங்குக்கு எல்லாரும் சரியாகத்தான் பார்த்தார்கள். காதுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு கழுத்து இருந்ததுதான் யார் கணக்கிலும் வரவில்லை. என் கணக்கிலும் வரவில்லை.

நாலாவது வாரம் அட்மிட் ஆனேன். இ.எஸ்.ஆர். 108, ஹீமோகுளோபின் 10.2, கல்லீரல் நொதிகள் லேசாகக் கூடியிருந்தன, ஆறு கிலோ குறைந்திருந்தேன். இந்த நாலையும் ஒரு தாளில் எழுதினால் யாருக்கும் காசநோயும் புற்றுநோயும்தான் முதலில் தோன்றும். மார்புக்கும் வயிற்றுக்கும் சி.டி. எடுத்தார்கள். ஸ்கேன் காறை எலும்போடு நின்றுவிட்டது. சுரப்பி அதற்கு ஓர் அங்குலம் மேலே! வியாழக்கிழமை எலும்பு மஜ்ஜை எடுப்பதாக முடிவு.

மஜ்ஜை எடுக்காமல் தப்பித்தது எப்படி என்று அப்புறம் சொல்கிறேன், வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

ஜூன் 10, மதியம் 1.30

"எந்த டெஸ்ட்?" என்று கேட்டவருக்கு. டி.எஸ்.எச். (தைராய்டை வேலை வாங்குகிற ஹார்மோன், தைராய்டு ஹார்மோன் கூடினால் இது குறையும்), ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோனே), கூடவே அழற்சியைக் காட்டுகிற இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அப்புறம் கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட். இவ்வளவுதான் முதல் படி. எனக்கு டி.எஸ்.எச். 0.02, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

ஜூன் 10, இரவு 9.40

செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டு மணி இருக்கும். கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க ஒரு பயிற்சி மருத்துவர் வந்தார். சின்னப் பையன், கண்ணில் தூக்கம். வலது கையில் நரம்பு கிடைக்காமல் இடது பக்கம் வந்தார். நான் அவரைப் பார்க்கத் திரும்பினேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "கழுத்தை மட்டும் திருப்புங்க, உடம்போட திரும்பாதீங்க" என்றார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் இத்தனை நாளாகத் தலையணையோடு சேர்த்து மொத்தமாகப் புரண்டுகொண்டிருந்தேன் என்று.

உட்கார வைத்துப் பின்னால் போய் நின்றார். இரண்டு கை விரல்களையும் முன்கழுத்தில், குரல்வளை மேட்டுக்குக் கீழே வைத்து, எச்சிலை விழுங்குங்கள் என்றார். விழுங்கினபோது அவர் விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கியது. வலது பக்கம் மெதுவாக அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டிலில் இருந்தவர் எழுந்துவிட்டார். மரக்கட்டை மாதிரி இருக்கிறது என்றார் அந்தப் பையன், தனக்குத் தானே சொல்வதுபோல.

அதற்குள் ஐந்து வாரம் போயிருந்தது. நுரையீரலையும் வயிற்றையும் எத்தனையோ பேர் தட்டிப் பார்த்தார்கள், இந்த இரண்டு அங்குலத்தை அவர்தான் முதலில் தொட்டார்.

மறுநாள் அல்ட்ராசவுண்ட். ஜெல்லைத் தடவி அந்தக் கருவியை வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரையில் சுரப்பி ஒரே சாம்பல் நிறமாக இருக்க வேண்டுமாம். எனக்கு நடுநடுவே ஓரம் சரியாகத் தெரியாத கறுப்புத் திட்டுகள். டாப்ளரில் நிறமே இல்லை, அதாவது ரத்த ஓட்டம் குறைவு. ஹார்மோனை அதிகமாகத் தயாரிக்கிற கிரேவ்ஸ் நோயில் அந்த இடம் தீப்பிடித்த மாதிரி நிறமாக ஜொலிக்குமாம். ரத்தத்தில் ஹார்மோன் இரண்டிலும் அதிகம்தான், ஆனால் ஒன்றில் உற்பத்தி, மற்றதில் கசிவு.

வியாழக்கிழமை மஜ்ஜை எடுக்கவில்லை.

ஜூன் 11, காலை 7.05

ராத்திரி ஒருவர் "அப்படியானால் காய்ச்சல் வந்த எல்லாரும் தைராய்டு டெஸ்ட் எடுக்க வேண்டுமே" என்று கிண்டலாகக் கேட்டிருக்கிறார். நியாயமான கிண்டல்தான். நேற்று மதியம் நான் எழுதிய நாலு வரியைத் திருத்துகிறேன். வேறு எந்த நோயில் உடம்பு ரொம்பத் தளர்ந்துபோனாலும் டி.எஸ்.எச். குறையும். ஸ்டீராய்டு சாப்பிட்டாலும் குறையும். டி.எஸ்.எச். கொஞ்சம் இறங்கியிருப்பதை மட்டும் பார்த்துத் தைராய்டுதான் என்று தாவக்கூடாது. டி.எஸ்.எச். அடியோடு விழுந்து, டி4 உயர்ந்து, கழுத்தும் வலித்து, இ.எஸ்.ஆரும் எகிறியிருந்தால்தான் படம் சேரும்.

முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லுங்கள். அதிக அளவில் சாப்பிட்டால் சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் வரும். ஒரு நோயும் இல்லாதவருக்கு ரிப்போர்ட்டில் தைராய்டு வந்துவிடும்.

ஜூன் 11, இரவு 11.20

ஒரு அவமானத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

காய்ச்சல் எழுதி வைத்த பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். எனக்குக் கழுத்து வலி இரண்டாவது வாரத்தில்தான் வந்தது என்று இத்தனை நாளும் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். நோட்டில் நாலாம் நாள், என் கையெழுத்திலேயே: "மாலை 5: 101.4. வலது காது, விழுங்கும்போது. இரவு 9: 102." அடுத்த நாள்: "காலர் பட்டன் போட முடியவில்லை." பட்டன் போட முடியவில்லை! அதை ஒரு மருத்துவரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் என்று போனதால் காய்ச்சலைப் பற்றி மட்டும் பேசினேன். காதுவலி காது டாக்டருக்கு, பல்வலி பல் டாக்டருக்கு என்று நானே பிரித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கொட்டியிருந்தால் என்னவாகியிருக்குமோ, தெரியாது. ஆனால் கழுத்தை யாரும் தொடவில்லை என்று புலம்புகிற நான், கழுத்து என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை.

நோட்டில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 19-ஆம் நாள் காலை வெப்பம் 98.4, நாடி 112. காய்ச்சல் இறங்கினால் நாடியும் கூடவே இறங்க வேண்டும். எனக்கு இறங்கவே இல்லை. எழுதியிருக்கிறேன், அடிக்கோடு கூடப் போட்டிருக்கிறேன், யோசிக்கவில்லை.

ஜூன் 12, காலை 8.00

ஸ்கேன் துறையில் வேலை பார்க்கிற ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். மார்பு சி.டி. எடுத்தால் தைராய்டின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் அதில் விழுந்துவிடும் என்கிறார். சுரப்பிக்குள் அயோடின் இருப்பதால் நல்ல தைராய்டு சி.டி.யில் வெள்ளையாகத் தெரியுமாம், அழற்சி வந்தால் மங்கிவிடுமாம். "ஸ்கேன் காறை எலும்போடு நின்றுவிட்டது" என்று நான் எழுதியது கதை நன்றாக இருக்கிறதே என்று சொன்னது, பார்த்துச் சொன்னதில்லை. ரிப்போர்ட்டைத் தேட வேண்டும்.

ஜூன் 12, இரவு 8.30

தேடினேன். இரண்டாவது பக்கம், கடைசிக்கு முந்தின வரி: வலது தைராய்டு மடல் சற்றுப் பெருத்துள்ளது, தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் செய்து பார்க்கவும். மஜ்ஜைக்கு நாள் குறிப்பதற்கு ஒரு வாரம் முன்பே அச்சாகி என் கையில் இருந்திருக்கிறது. எல்லாரும் நுரையீரல், கல்லீரல், நெறிக்கட்டி என்று பார்த்துவிட்டுத் தாளை மூடிவிட்டோம்.

இனி இந்த இழையில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அவர் சொன்ன இன்னொன்று உபயோகமானது. சி.டி.க்கு ஏற்றுகிற மருந்தில் அயோடின் நிறைய இருக்கும். அதற்குப் பிறகு சில வாரங்களுக்கு, தைராய்டு எவ்வளவு அயோடினை இழுக்கிறது என்று பார்க்கிற அப்டேக் ஸ்கேன் எடுத்துப் பயனில்லை. அழற்சியில் அந்தச் சுரப்பி அயோடினை இழுக்காது, அப்டேக் கிட்டத்தட்ட பூஜ்யம், அதுதான் அடையாளம். ஆனால் ஏற்கெனவே அயோடினில் முக்கியெடுத்த சுரப்பியும் இழுக்காது. எனக்கு ஏன் அந்த ஸ்கேன் வேண்டாம் என்றார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

ஜூன் 13, மாலை 6.10

"எனக்குக் கட்டைவிரலில் டி குவெர்வேன் என்று எழுதியிருக்கிறார்கள், காய்ச்சல் வருமா?" என்று ஒருவர் பயந்து கேட்டிருக்கிறார். வராது! எனக்கு வந்த தைராய்டு அழற்சிக்கும் டி குவெர்வேன் என்று இன்னொரு பெயர் உண்டு. பெயருக்குரிய ஆள் ஒருவர், நோய் இரண்டு. ஃபிரிட்ஸ் டி குவெர்வேன் ஸ்விட்சர்லாந்துக்காரர், அறுவை மருத்துவர். 1895-ல் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டுத் தசைநாண் வலியைப் பற்றி எழுதினார். 1904-ல் இந்தத் தைராய்டு அழற்சியைப் பற்றி. இரண்டிலும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. போனை நோண்டிக்கொண்டே இருந்தால் முதலாவதும் எனக்கு வரும் போலிருக்கிறது.

ஜூன் 14, இரவு 10.00

மருந்தைப் பற்றித் தனிச் செய்தியில் இத்தனை பேர் கேட்பதால் இங்கேயே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக எதையும் விழுங்க வேண்டாம்.

லேசாக இருந்தால் ஐபுபுரூஃபன், நாப்ராக்சன் மாதிரி வலி மருந்திலேயே அடங்கும். படபடப்புக்கு ப்ரொப்ரனலால். ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, ஏனென்றால் பாக்டீரியா இல்லை. (பாக்டீரியாவால் சீழ் கட்டுகிற தைராய்டு அழற்சி என்று ஒன்று தனியாக உண்டு, மிக அரிது, அதில் ஆன்டிபயாடிக்கும் சீழை எடுப்பதும்தான் வைத்தியம்.) வலி மருந்துக்கு அடங்காவிட்டால் ஸ்டீராய்டு. எனக்கு பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராமில் தொடங்கினார்கள். ஜப்பானில் 15-லேயே தொடங்குகிற வழக்கமும் உண்டு.

காலை எட்டு மணிக்கு முதல் டோஸ். ராத்திரி பத்து மணிக்குக் கழுத்தைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன், கழுத்தை மட்டும். மறுநாள் காலை 98.2, மாலை 98.6. மாலை ஐந்தாகிவிட்டதே, இனி குளிர் வந்துவிடும் என்று போர்வையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி வரை வரவில்லை. அழுதுவிட்டேன். இந்த நோயில் அப்படித்தான் ஓரிரு நாளில் கேட்குமாம். மூன்று நாளாகியும் கேட்காவிட்டால் நோய் வேறோ என்று யோசிக்க வேண்டும்.

அப்புறம் நான் செய்த முட்டாள்தனம். ஆறு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார்கள். எனக்குத்தான் சரியாகிவிட்டதே என்று மூன்றாவது வாரத்திலேயே நானாக 10-க்கு இறக்கினேன். நாலு நாளில் இடது பக்கம் வலி. முன்னால் வலித்தது வலது, இப்போது இடது. இந்த நோய் இப்படி ஒரு மடலிலிருந்து இன்னொரு மடலுக்கு நகரும். திரும்ப 30, திரும்ப முதலிலிருந்து. மொத்தம் மூன்று மாதம் முகம் பூரித்துப்போய் இருந்தது.

ஜூன் 15, காலை 6.40

ஒரு சந்தேகம் நியாயமானது: "ஹார்மோன் அதிகம் என்றால் கார்பிமசோல் கொடுக்க வேண்டியதுதானே?" கார்பிமசோல் புதிதாகத் தயாரிப்பதைத் தடுக்கிற மருந்து. இங்கே தயாரிப்பு ஏற்கெனவே நின்றுபோய்க் கிடக்கிறது, பழைய சரக்குதான் கொட்டுகிறது. குடோன் சுவர் இடிந்தால் ஆலையை மூடி என்ன பயன்? அதோடு அந்த மருந்து அபூர்வமாகச் சிலருக்கு வெள்ளை அணுக்களை அடியோடு இறக்கிவிடும், அதன் முதல் அறிகுறியே காய்ச்சலும் தொண்டைவலியும். காய்ச்சலுக்குப் போய்க் காய்ச்சலை வாங்கி வந்த கதையாகிவிடும். அதற்காகக் கிரேவ்ஸ் உள்ளவர்கள் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு அது தேவை.

ஜூன் 17, இரவு 9.15

தம்பியின் பதிலைப் பார்த்தேன். அக்காவுக்கு டி.எஸ்.எச். 2.1, டி4 இரண்டும் நார்மல். கழுத்தில் வலி இல்லை. காய்ச்சல் 34-ஆம் நாள், இன்றைக்கும் 101.8.

வலியே இல்லாமல் காய்ச்சல் மட்டும் காட்டுகிற தைராய்டு அழற்சியும் உண்டு, குறிப்பாக வயதானவர்களிடம். அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டு நாள் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள், இதுவாக இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

ஜூன் 17, இரவு 11.55

மேலே கடைசியாக எழுதியதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அழிக்காமல் வைக்கிறேன், நான் எழுதினேன் என்று எனக்கே ஞாபகம் இருக்கட்டும். படுத்தபிறகுதான் உறைத்தது.

காய்ச்சல் கொதிக்கிறபோது டி.எஸ்.எச். 2.1 என்றால் ஹார்மோன் கொட்டவில்லை என்று அர்த்தம். கழுத்தும் வலிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தால் என் நோய் இல்லை. எனக்கு வந்தது அவருக்கும் வந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். காரணம் தெரியாத காய்ச்சலில் "கொடுத்துப் பார்க்கலாம்" என்று ஸ்டீராய்டைத் தொடுவதும் ஆபத்து. காசநோய் இருந்தால் பரவ விடும். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இருந்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்ஸியில் பிடிபடாமல் போகும். காய்ச்சல் மட்டும் இரண்டிலும் அழகாக இறங்கும், நாமும் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைப்போம்.

ஜூன் 18, காலை 7.30

"காரணம் தெரியாத காய்ச்சல் என்று சொல்ல மூன்று வாரம் தாண்ட வேண்டும் என்கிறார்களே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?" என்று நடுவில் ஒருவர் கேட்டிருந்தார், விட்டுப்போயிற்று. 1961-ல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இப்படிப்பட்ட 100 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 101 டிகிரிக்கு மேல் பலமுறை போக வேண்டும், மூன்று வாரத்தைத் தாண்ட வேண்டும், ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தும் காரணம் தெரியக்கூடாது. மூன்று வாரம் வைத்ததே, தானாக இறங்குகிற வைரஸ் காய்ச்சல்கள் அதற்குள் இறங்கிவிடும் என்பதால்தான். 1991-ல் டுராக், ஸ்ட்ரீட் இருவரும் அதை மாற்றினார்கள். படுக்கையில் கிடக்க வேண்டாம், மூன்று முறை வந்து பார்த்தும் தெரியாவிட்டால் போதும் என்று.

காரணப் பட்டியலில் தொற்று, புற்றுநோய், மூட்டு, ரத்தக்குழாய் அழற்சி நோய்கள் எல்லாம் போன பிறகு "இதர" என்று ஒரு மூலை உண்டு. தைராய்டு அழற்சி உட்கார்ந்திருப்பது அங்கேதான். அதைத்தான் நான் ஒன்பது நாளாக இங்கே நடுக்கூடத்தில் தூக்கி வைத்திருக்கிறேன்.

ஜூலை 6, இரவு 9.00

தம்பி எழுதிவிட்டார். உடம்பு முழுக்க அழற்சியோ கட்டியோ எங்கே இருக்கிறது என்று தேடுகிற பெட் ஸ்கேனில் அக்காவுக்கு வயிற்றுக்குள், பெரிய ரத்தக்குழாயை ஒட்டி நெறிக்கட்டிகள் தெரிந்திருக்கின்றன. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் காசநோய். மார்பு எக்ஸ்ரேயில் வராதது அங்கே ஒளிந்திருந்தது. ஆறு மாத மருந்து தொடங்கி எட்டு நாள் ஆகிறது, நேற்று மாலை 99.6.

ரொம்ப சந்தோஷம். "அக்கா, நீங்கள் கேட்கச் சொன்னதால்தான் உடம்பு முழுக்க ஒவ்வொரு இடமாகக் கேட்டோம், அதில்தான் அடிவயிறு லேசாக வலிக்கிறது என்று அவள் சொன்னாள்" என்று எழுதியிருக்கிறார். நல்ல பிள்ளை. ஜூன் 17 ராத்திரி ஒன்பதே கால் மணிக்கு நான் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நவம்பர் 22, மாலை 5.30

"உங்களுக்கு இப்போது எப்படி?" என்று கேட்டவருக்கு. கிடங்கு காலியானதும் மூன்று நாலு மாதம் எதிர்ப்பக்கம் போனேன். டி.எஸ்.எச். 18 வரை ஏறியது, எப்போதும் குளிர், எப்போதும் தூக்கம். அப்போதுதான் உங்களுக்கெல்லாம் தெரிந்த தைராய்டு வந்தது: உடம்பு போட்டது, முடி கொட்டியது. கொஞ்ச காலம் தைராக்ஸின் சாப்பிட்டேன், பிறகு நிறுத்திப் பார்த்தார்கள், சுரப்பி தானே எழுந்துகொண்டது. பெரும்பாலோருக்கு அப்படி எழுந்துவிடும். சிலருக்கு எழாது, அவர்கள் மாத்திரையைத் தொடர வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்கிறேன். போன வாரம் 3.4, நார்மல்தான்.

டிசம்பர் 14, காலை 7.10

புதிதாக வந்தவருக்கு: "அம்மாவுக்கு வயது 71, மூன்று வாரமாகக் காய்ச்சல், தாடை வலி, இ.எஸ்.ஆர். 102. இழை முழுக்கப் படித்தேன், தைராய்டுதானே?"

தைராய்டு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வயதில் மெல்லும்போது தாடை வலி, புதிதாகத் தலைவலி, தலை சீவினால் பொட்டுப் பக்கம் வலி என்று இருந்தால் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அதைத் தாமதித்தால் பார்வை போகும், போனால் பெரும்பாலும் திரும்பாது. அம்மாவிடம் கேளுங்கள்: மென்றால் மட்டும் வலிக்கிறதா, சும்மா இருந்தாலும் வலிக்கிறதா? விழுங்கினால்? கண் ஒரு நொடியாவது மறைத்ததா? பதிலை எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். இன்றைக்கே கூட்டிப்போய் மருத்துவரிடம் சொல்லுங்கள்.